கீர்த்தனாவின் பாதத்தில் வைத்த மை

எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும், நண்பர்களே. மைசூர் ஆஸ்பத்திரியின் பினாயில் வாசனை மூக்கில் ஏறியதுமே சொன்னேன், "இந்தக் குழந்தைய நல்லா செக் பண்ணணும்" என்று. ஏழாங்கிளாஸோடு நிறுத்தியவன்தான்... ஆனாலும் அரை டாக்டர்!

பத்து வருடங்களுக்கு முந்தைய கதை. தங்கை செல்விக்கு முதல் குழந்தை, கீர்த்தனா. டிஸ்சார்ஜ் நாள். ராகுகாலத்துக்கு முன் கொள்ளேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். வாசலில் கார் நிற்கிறது.

கண் படக் கூடாதென்று, தாய்மாமன் நான் குழந்தையின் இரண்டு பாதத்திலும் மை வைத்திருந்தேன். சின்னப் பொட்டு இல்லை... மாதேஸ்வரன் மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்!

நர்ஸம்மா ஒரு சின்னப் பட்டையோடு வந்தார். அதைக் கையிலும் பாதத்திலும் சுற்றினால், சிவப்பு வெளிச்சம் பாய்ச்சி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று மிஷின் சொல்லும். பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தால் காட்டிக்கொடுக்குமாம். எங்களுக்கு அது புதுசு.

கையில் தொண்ணூற்றேழு. பாதத்தில்... எண்பத்தெட்டு.

"யாரு சார் பாதத்துல தார் ரோடு போட்டது? வெளிச்சமே உள்ள போகல!"

"நான்தானுங்க."

"சூப்பர் மாமாதான் கிடைச்சிருக்காரு பாப்பாவுக்கு! ஸ்வல்ப... கொஞ்சம் இருங்க."

வார்டே சிரித்தது. மையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே எண்பத்தெட்டு.

சிரிப்பு நின்றுவிட்டது.

"மை இன்னும் ஒட்டிட்டிருக்கும், விடுங்க. ராகுகாலம் வருது" என்றார் மச்சான்.

நான் விடுவேனா? கதவை மறித்து நின்றேன். "ஸ்கேன் எடுக்காம குழந்தை இந்த வாசலைத் தாண்டாது!" அரண்மனை வரைக்கும் கேட்டிருக்கும்.

எடுத்தார்கள். இதயத்திலிருந்து உடம்பின் கீழ்ப்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் குறுகியிருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால்... வேண்டாம், அதை எழுதவில்லை. அதே வாரம் ஆபரேஷன்.

இப்போது கீர்த்தனா ஸ்கூல் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள். அக்ரஹாரத்தில் என்னோடு நடந்தால், "பேகா, சீக்கிரம் வாங்க மாமா" என்று இழுத்துக்கொண்டு போகிறாள். மூச்சு வாங்குவது எனக்குத்தான்!

அந்தக் காலத்தில் எங்கள் சொந்தத்தில் குழந்தை பிறந்தால், யார் ஜாடை என்றுதான் முதலில் கேட்போம். இப்போது, "காலுக்கு லைட் போட்டுப் பாத்தாச்சா?" அப்புறம்தான் ஜாடையெல்லாம். மையும் கன்னத்தோடு சரி.

ஒன்று மட்டும்... இதைச் செல்வியும் படிப்பாள். கதவை மறித்து நின்றது அவள்தான். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், தையலோடு.

"விடுங்க, ராகுகாலம் வருது" என்றது மச்சான் இல்லை.

நான்.