கிழங்கு வரிக்குப் பிரேமினி சொன்ன பதில்

பிரேமினியின் வீட்டில் உருளைக்கிழங்கு விற்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். விற்கிறவர் கணவர் ஜீவராஜ். வாங்குகிறவர் பிரேமினி.

மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் பிரேமினி. பதினேழு வயதில் கொழும்புப் பக்கம் போய், வத்தளையில் ஒரு பேக்கரியில் ஐந்து வருடம் வேலைக்கு நின்றார். மசித்த கிழங்கை உள்ளே வைத்து ரோல்ஸ் சுருட்டவும் கட்லட் பிடிக்கவும் அங்கேதான் பழகினார். ஊருக்குத் திரும்பி, கல்யாணம் முடித்து, கொழுந்து பறித்தார். தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது பேக்கரிப் பழக்கம் கைகொடுத்தது. இப்போது தினமும் நூற்றிருபது ரோல்ஸ் போட்டு, டவுன் பஸ் ஸ்டாண்டில் மூன்று தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நாளுக்கு ஏழெட்டுக் கிலோ கிழங்கு வேண்டும்.

ஜீவராஜ், தோட்டம் கைவிட்ட தேயிலை மலையில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, காடு வெட்டிக் கிழங்கு போட்டார். அந்தக் கிழங்கையே வைத்து ரோல்ஸ் போடலாமே என்று கேட்கத் தோன்றும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன், தோண்டிய அன்றே வாசலில் வந்து நிற்கும். அதனால் முழுவதையும் ஒரே மூச்சில் விற்றுவிடுவார்.

கப்பலில் வரும் வெளிநாட்டுக் கிழங்கு எப்போதும் மலிவு. உள்ளூர்க் கிழங்கு தோண்டும் காலத்தில் அரசாங்கம் இறக்குமதி வரியைக் கூட்டும். அப்போது கப்பலில் வந்த கிழங்கின் விலை ஏறும், இங்கே நட்டவனுக்கும் நாலு காசு நிற்கும். போன வருடம் ஜீவராஜ் அதை நம்பித்தான் நட்டார். ஆனால் தோண்டுகிற வாரம் வரை வரியைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. மண்ணில் விட்டால் அழுகிவிடும் என்று பயந்து, கிலோ நூற்று நாற்பதுக்கு லொறிக்காரரிடம் தள்ளிவிட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து வரி கூடியது.

அன்று பின்னேரம் பிரேமினி யோகேஸ்வரனின் மரக்கறிக் கடைக்குப் போனார். கிழங்கு கிலோ இருநூற்று முப்பது.

"இது எந்த ஊர்க் கெழங்கு?" என்று கேட்டார்.

"நம்ம பக்கந்தான் அக்கா. வெல ஏறட்டும்னு ஸ்டோர்ல போட்டு வச்சிருந்தாங்க."

கிழங்கில் மண் இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது. ஐந்து கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் பையை ஜீவராஜின் முன்னால் வைத்தார்.

"நீங்க வித்ததத்தான் வாங்கிட்டு வந்திருக்கேன் போல."

அவர் விலையைக் கேட்டார். பிரேமினி சொன்னார். ரோல்ஸ் விலையைக் கூட்டக் கடைக்காரர்கள் சம்மதிக்காததால், அந்த மாதம் முழுக்கப் பிரேமினி உள்ளே வைக்கும் கிழங்கைக் குறைத்தார். தின்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நாற்பது ரோல்ஸ் திரும்பி வந்த நாளும் உண்டு.

அதற்கடுத்த மாதம், விவசாயிகளுக்கான அரசாங்க அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். புதிதாக மாறி வந்திருந்த உத்தியோகத்தர் மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். வரியை இன்னும் கூட்டும்படி மேலிடத்துக்கு எழுதலாமா, எத்தனை பேர் சம்மதம் என்று கேட்டார். ஜீவராஜ் உட்பட எல்லாரும் கை தூக்கினார்கள். அவரோடு வந்திருந்த பிரேமினியின் கை மட்டும் மடியில் இருந்தது.

"ஏனம்மா, நீங்கள் கை தூக்கேல்லை?"

"தூக்குறதா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன் சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரேமினி எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரரு கெழங்கு விக்கிறாரு. நான் வாங்குறேன். வரியக் கூட்டுனா எனக்குக் கஷ்டம். எடுத்துட்டா அவரு அடுத்த போகம் மம்பட்டியத் தொட மாட்டாரு. லயத்துல கெழங்கு வாங்கித் திங்கிற வீடுதான் ஜாஸ்தி சார். அவங்க யாரும் இந்தக் கூட்டத்துல இல்ல."

முன் வரிசையில் இருந்த கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். நாற்பது வருடமாக மரக்கறி போடுகிறவர். "வரி இல்லன்னா நாங்க மூட்டையக் கட்டிக்கிட்டு கொழும்புக்குப் போக வேண்டியதுதான் தங்கச்சி."

"வேணாம்னு சொல்லலைங்க அண்ணே. போன தடவ நாங்க அழுதுக்கிட்டே வித்தோம், நான் அழுதுக்கிட்டே வாங்கினேன். நடுவுல ஸ்டோர் வச்சிருந்தவங்களுக்குத்தான் அந்த வரி ஒதவுச்சு. எவ்வளவு கூட்டணும்னு எனக்குத் தெரியாது. நடுறதுக்கு முந்தியே சொல்லிரட்டும். சொன்னா தோண்டுற வரைக்கும் மாத்தாம இருக்கட்டும். அப்பத்தான் எவ்வளவு நடலாம்னு அவரும், என்னா வெலைக்கு விக்கலாம்னு நானும் பாத்துக்கலாம்."

கணேசமூர்த்தி தாடையைத் தடவினார். "அது சரிதான்" என்றார் மெதுவாக.

மகாலிங்கம் பேனாவை எடுத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ, அப்பிடியே எழுதிறன்."

கடிதம் முப்பத்தொரு கையெழுத்தோடு போனது. நான்கு மாதமாகியும் பதில் வரவில்லை. பிரேமினி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. முன்பு கொழுந்து பறிக்கிறவர்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்த, இப்போது பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கினார். ஏழு குடும்பங்கள் சேர்ந்து தரையில் பலகை அடித்து, அடுத்த போகத்தில் மூன்றில் ஒரு பங்கு கிழங்கை அங்கே வைத்தார்கள். காற்று போதாமல் இரண்டு மூட்டை அழுகியது. ஜீவராஜ் ஜன்னலைக் கழற்றிக் கம்பி வலை அடித்தார். மிச்சம் ஐந்து வாரம் கெடாமல் நின்றது. லொறிக்காரர் கேட்ட விலைக்குத் தலையாட்டாமல் நிற்க முடிந்தது அதுதான் முதல் தடவை.

இந்த வருடம் நடுகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகாலிங்கத்தின் போன் வந்தது.

"வரி அறிவிச்சிட்டினம் அம்மா. அறுவடை முடியுமட்டும் இதுதானாம். உங்கட கடிதத்தாலதான் எண்டு நான் சொல்லமாட்டன்."

"வந்துருச்சுல்ல சார். அது போதும்."

வரி ஜீவராஜ் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பிரேமினி நினைத்ததைவிடக் கூடுதல். அன்று சாப்பிட்டபடியே இருவரும் பேசி முடிவு செய்தார்கள். நிலத்தில் முக்கால்வாசிக்குக் கிழங்கு, மிச்சத்துக்கு லீக்ஸ்.

மறுநாள் பிரேமினி மூன்று கடைகளுக்கும் போய், அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து ஒரு ரோல்ஸுக்கு ஐந்து ரூபாய் கூடும் என்றும், வருடம் முடியும்வரை அதற்குமேல் ஏற்றமாட்டேன் என்றும் சொன்னார். இரண்டு கடைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"இப்புடி முன்னுக்கே சொன்னா நாங்களும் வெல போர்ட மாத்தி எழுதிக்கலாம்" என்றவர், "நாளையிலருந்து இன்னும் இருபது சேத்துக் கொண்டாங்க" என்றார்.