பியாட்றிஸ் மிஸ்ஸியின் ஸ்ரியறிங்

பியாட்றிஸின் வலது மணிக்கட்டை உடைத்தது ஷெல்லும் இல்லை, குண்டும் இல்லை. அவள் ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் ஸ்ரியறிங்தான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசி மாதம். மணற்காடு என்ற கடற்கரை ஊருக்குப் போகிற வழியில், மணலுக்குள் புதைந்து கிடந்த பனங்குற்றி ஒன்றில் முன்சில்லு ஏறியது. சில்லு ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு போக, ஸ்ரியறிங் வளையம் அவள் பிடியை உதறிவிட்டுச் சுழன்றது. அதன் குறுக்குக் கம்பி மணிக்கட்டில் அடித்த சத்தம் பின்னால் மருந்துப் பெட்டிகளோடு இருந்த டொக்டருக்கே கேட்டது. மீதி வழிக்கு டொக்டரே ஜீப்பை ஓடினார். நாலு இடத்தில் மணலில் தாண்டு, ஊர்ச் சனம் வந்து தள்ளித்தான் கரை சேர்ந்தார்கள்.

பியாட்றிஸ் கோப்பாயில் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். நாற்பது வயது தாண்டியும் கலியாணம் செய்யவில்லை. சபையின் நடமாடும் வைத்திய வண்டியில் தாதியாகப் போய்வந்தாள். எல்லாரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். வண்டியின் சாரதி கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து கொழும்புக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. தகப்பன் உயிரோடிருந்த நாளில் தன் ஒஸ்ரின் காரில் அவளுக்கு ஓடப் பழக்கியிருந்தார். அந்தத் துணிவில் அவள் வண்டியின் திறப்பை வாங்கிக்கொண்டாள். பொம்பிளை ஒருத்தி ஜீப் ஓடுவதைப் பார்க்க முதல் மாதம் படலைக்குப் படலை ஆள் நின்றது. பிறகு பழகிவிட்டது.

பழகாதது ஸ்ரியறிங்தான். மணலில் தாழாமல் இருக்க ஆரோ ஒருவர் அந்தப் பழைய ஜீப்புக்கு அகலமான லொறி ரயர்களைப் பூட்டியிருந்தார். ரயர் தாழவில்லை, ஆனால் இலேசில் திரும்ப மறுத்தது. மெதுவாகப் போகும்போது வளையத்தைத் திருப்புவது ஈர மா நிறைந்த ஆட்டுக்கல்லைச் சுழற்றுவது மாதிரி.

கைக்கு மாக்கட்டுப் போட்டார்கள். சாரதி ஒருவர் கிடைக்கும் வரை வண்டி நிற்கட்டும் என்று சபையார் முடிவெடுத்தார்கள். பியாட்றிஸுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இடக்கையால் கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டினாள். வாழைக்குப் பாத்தி கட்டப்போய் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு இடத்திலை இரன் பிள்ளை," என்றாள் தமக்கை இராசம்மா. "கை ஒட்டட்டும்."

"கை ஒட்டும் அக்கா. ஒட்டின பிறகும் அதே ஜீப், அதே மணல்தானே?"

அடுத்த நாள் காலை, ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொக்குவிலுக்குப் போனாள். தண்டவாளம் கழற்றப்பட்டு வெறும் கல்லாகக் கிடந்த ரயில் பாதையோரம் சிவசுப்பிரமணியத்தின் கராஜ் இருந்தது. அவர் ஒரு காரின் அடியில் படுத்திருந்தார்.

"பழைய சின்ன ரயரைப் போடுங்கோ மிஸ்ஸி. இலேசாத் திரும்பும்," என்றார் அவள் சொன்னதைக் கேட்டுப் படுத்தபடியே.

"சின்ன ரயர் தாழும் அண்ணை. தாண்டா ஆர் தள்ளுறது? டொக்டரோ?"

அவர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். கையைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"பெரிய லொறியளிலை பம்ப் ஒண்டு ஓயிலைத் தள்ளும். அந்த ஓயில்தான் சில்லைத் திருப்பும், சாரதி சும்மா காட்டிக் குடுத்தாப் போதும். பம்ப் என்னட்டைக் கிடக்கு. ஆனா சில்லைத் தள்ளுற சிலிண்டரும் வால்வும் வேணும். ஜீப்பிலை பூட்டுற அளவிலை எனக்குத் தெரிய ஒண்டுதான் கிடக்கு. நீர்வேலிப் பஞ்சலிங்கத்தின்ரை உழவு மிசினிலை."

பஞ்சலிங்கத்தின் மிசின் வாழைத் தோட்டத்துக்குள் சருகு மூடிக் கிடந்தது. டீசல் இல்லாமல் நின்று இரண்டு வருசத்துக்கு மேல். ஆனாலும் அவர் கிழமைக்கொருமுறை சருகை அள்ளி எறிந்து அதைக் கழுவித் துடைப்பவர்.

"தரமாட்டன்," என்றார். "ஒரு சாமான் கழட்டினா நாளைக்கு இன்னொருத்தன் வருவான். பிறகு அது மிசினில்லை, பழைய இரும்பு."

பியாட்றிஸ் திரும்பிப் போனாள். இரண்டு நாள் கழித்து வந்தாள். பிறகும் வந்தாள். கதிரை போட்டால் இருக்கமாட்டாள். மிசினைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து சிலிண்டரைப் பார்ப்பாள், நிமிர்வாள், வாழைகளுக்குள் போய்த் திரும்பி வருவாள்.

"நீங்கள் சுத்துற சுத்திலை எனக்குத் தலை சுத்துது மிஸ்ஸி. இருங்கோவன்!"

"இருக்க ஏலாது ஐயா. அங்கை சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

பஞ்சலிங்கம் வாழைக்குட்டி ஒன்றை வெட்டிவிட்டுக் கத்தியை மண்ணில் குத்தினார்.

"ஒரு நாளைக்கு டீசல் வரும். அண்டைக்கு நான் உதிலை ஏறி உழவேணும்."

"அண்டைக்குக் கழட்டிக் கொண்டுவந்து தருவன்."

"நீங்கள் வேதக்காரர். பிள்ளையாரிலை சத்தியம் பண்ணமாட்டியள்."

"எங்கடை வேதத்திலை சத்தியமே பண்ணக் கூடாதெண்டு கிடக்கு. ஓம் எண்டா ஓம்தான்."

அவர் கத்தியை மண்ணிலிருந்து பிடுங்கினார். "அது சத்தியத்திலும் பாரமாக் கிடக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு ஆணி கழற்றும் சாவிகள் எடுக்க உள்ளே போனார்.

மாக்கட்டு வெட்டிய கிழமையே வேலை தொடங்கியது. சிலிண்டர் என்பது முழங்கை நீளமான இரும்புக் குழாய். உள்ளே ஒரு தண்டு. ஒரு பக்கத்தால் ஓயில் போனால் தண்டு நீளும், மறுபக்கத்தால் போனால் சுருங்கும். சிவசுப்பிரமணியம் குழாயின் ஒரு முனையை முன் அச்சில் வெல்டிங் வைத்து ஒட்டினார். தண்டின் முனையை இரண்டு சில்லையும் இணைக்கும் கம்பியில் பூட்டினார். பம்பை எஞ்சினோடு சேர்த்து பெல்ற் போட்டார். வளையம் திரும்பும் பக்கத்துக்கு ஓயிலைப் பிரித்து விடும் வால்வை இரண்டு குழாயால் சிலிண்டரோடு இணைத்தார். ஜீப்பின் பழைய ஸ்ரியறிங் பெட்டியை மட்டும் கழற்றவில்லை.

"ஓயில் போனாலும் சில்லு உங்கடை கைக்குக் கட்டுப்படவேணும்," என்றார். "இது துணைக்குத்தான்."

மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றர் ஒட்டு வேலையின் பாதியில் நின்றுவிடும். உடைந்த லொறிகளில் வடித்த ஓயிலைப் பழைய வேட்டித் துணியில் அரித்து ஊற்றினார்கள். பியாட்றிஸ் ஒரு நாளும் வீட்டில் நிற்கவில்லை. சாவி எடுத்துக் கொடுத்தாள், ரோச் பிடித்தாள், அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரத்திலும் "இனி என்ன?" என்று கேட்டாள்.

கடைசி ஆணி இறுகியதும், அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து அவள் ஏறி எஞ்சினை எழுப்பி, வண்டியை நகர்த்தினாள். படலைக்குப் போக வளையத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பினாள். சில்லு இடப்பக்கம் வெட்டியது. இன்னும் வலப்பக்கம் இழுத்தாள். ஓயில் இன்னும் மூர்க்கமாக இடப்பக்கம் தள்ளியது. ஜீப் பக்கத்து வளவின் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் ஒரு முருங்கையில் முட்டி நின்றது.

சிவசுப்பிரமணியம் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். பியாட்றிஸ் ஒட்டிய மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"குழாய் ரண்டையும் மாறிப் பூட்டிப்போட்டன். என்ரை பிழை. ஆனா மிஸ்ஸி, கொஞ்சம் பொறுத்திருந்தா நிக்கவைச்சே பாத்திருக்கலாமே?"

"ஓம். பொறுத்திருக்கலாம்," என்றாள். உடனே, "இப்பவே மாத்துவமே?" என்றாள்.

மாற்றிய பிறகு வளையம் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு மணற்காடு போய்ச் சேரும் வரை நிலைக்கவில்லை. முன்பு மணல் எங்கே இறுகல், எங்கே இளகல் என்று உள்ளங்கை சொல்லும். இப்போது கை ஊமையாக இருந்தது. தேவைக்கு மேல் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பி, பின்னால் பார்த்தால் சில்லுத் தடம் பாம்பு போன தடம் மாதிரிக் கிடந்தது. அந்த இலேசை அவளால் நம்ப முடியவில்லை.

அன்று அங்கே கத்தரீனா என்ற மீனவப் பெண் தன் புருசனைச் சாக்குத் தூளியில் கொண்டுவந்தாள். வயிறு பலகையாக இறுகியிருந்தது. டொக்டர் அமர்த்திப் பார்த்துவிட்டு, "மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ மிஸ்ஸி, வயித்தை வெட்டவேணும்," என்றார். மற்ற நோயாளரைப் பார்க்க அவர் அங்கேயே நின்றார். கத்தரீனா புருசனோடு பின்னால் ஏறினாள்.

பாதி வழியில் எஞ்சின் பக்கமிருந்து கறுத்த புகை எழுந்தது. சூடான புகைக்குழாயில் உரசிய ஓயில் குழாய் வெடித்துவிட்டது. வளையம் ஒரு கணத்தில் கல்லாகியது. முன்னால் வளைவு. பியாட்றிஸ் முழுப் பலத்தையும் போட்டு இழுத்தாள். மணிக்கட்டில் தீ ஏறியது. வண்டி நின்றால் மணலிலிருந்து எழும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன மிஸ்ஸி?" என்று பின்னாலிருந்து கத்தினாள் கத்தரீனா.

"திரும்புதில்லை! முன்னுக்கு வாருங்கோ!"

கத்தரீனா மருந்துப் பெட்டிகளின் மேலால் ஏறி முன் ஆசனத்தில் விழுந்தாள். கரைவலை இழுத்துக் காய்த்த கைகள். "எங்கை பிடிக்கிறது?"

"வளையத்தை. நான் சொல்லுற பக்கம் இழுங்கோ. வலம்!"

இருவரும் இழுத்தார்கள். ஜீப் முனகிக்கொண்டு திரும்பியது.

"விடுங்கோ! இனி இடம்... இன்னும்... மாதாவைப் பிறகு கூப்பிடலாம், இழுங்கோ!"

குடத்தனையில் தார் றோட்டு ஏறியதும் சில்லு ஓட்டத்தில் இளகியது. கத்தரீனா வளையத்தை விடவில்லை. மந்திகை ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிறகும், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் எடுத்தாள். புருசனுக்கு அன்றே ஒப்பரேசன் செய்தார்கள். அவர் பிழைத்தார்.

பியாட்றிஸ் அந்த நல்ல சேதிக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய், குடத்தனைத் தார் றோட்டுக்கு நடந்து வந்து நின்ற டொக்டரை ஏற்றிக்கொண்டு, வெடித்த குழாயோடு நேரே கொக்குவிலுக்குப் போனாள். சிவசுப்பிரமணியம் சோற்றில் கை வைத்திருந்தார். "சாப்பிடுங்கோ அண்ணை, அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு வாசலில் இங்கும் அங்குமாக நடந்தாள். அவர் பாதியில் எழும்பினார். வேறு குழாய் ஒன்றைப் போட்டு, புகைக்குழாயில் படாமல் தூரமாகச் சுற்றி விட்டார்கள்.

பிறகு மூன்று வருசம் அவள் அந்த ஜீப்பை ஓடினாள். மெல்ல மெல்ல அவள் கை புதிய பாசையைப் படித்துக்கொண்டது. பேச்சுவார்த்தைக் காலத்தில் டீசல் கொஞ்சம் வந்தபோது அவர் கேட்காமலே சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க நீர்வேலிக்குப் போனாள். பஞ்சலிங்கம், "மிசின்ரை எஞ்சின் இறுகிப்போச்சு மிஸ்ஸி. அது உங்களிட்டையே கிடக்கட்டும்," என்று சொல்லி ஒரு இதரை வாழைக்குலையையும் ஏற்றிவிட்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி கிட்ட வர, வலிகாமத்துச் சனம் முழுதும் ஒரே வீதியால் வெளிக்கிட்டது. பியாட்றிஸ் நடக்க ஏலாத நோயாளரைப் பின்னால் அடுக்கி, இராசம்மாவை முன்னால் இருத்தி, கைதடிப் பக்கம் ஊர்ந்தாள். ஆள் நகரும் அளவுக்கே வண்டியும் நகர்ந்தது. ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு சைக்கிளுக்கோ, ஒரு மாட்டுக்கோ, பிள்ளை தூக்கிய ஒருத்திக்கோ சில்லை ஒடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. மறுநாள் வெயில் ஏறக் கொடிகாமத்தில் ஜீப்புக்கு ஊற்றி ஓடிய மண்ணெண்ணெய் முடிந்தது.

நோயாளரோடு பின்னால் இருந்த டொக்டர் இறங்கி வந்தார். "நீங்கள் இரவு முழுக்க ஓடியிருக்கிறியள். கொஞ்சம் இருங்கோ மிஸ்ஸி."

அவள் ஆசனத்துக்கு அடியிலிருந்த வெறும் மண்ணெண்ணெய்க் கானை எடுத்துக்கொண்டு சனத்துக்குள் நடந்தாள்.