அடுத்த அறையில் என் பெயர்

சாந்தோமில் பெரியம்மா வீட்டில் எனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று 1943-ல், ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்தில் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள், கூடப் பிறக்காத சகோதரிகளே. அப்போது இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். ஜப்பான் குண்டு விழும் என்ற பயத்தில் அப்பாவும் அம்மாவும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். படிப்புக்காக நான் மட்டும் இங்கே.

முதலில் தூக்கம் போனது. பிறகு பசி போனது. காபி கசந்தால் சந்தேகம். இனித்தால், ரேஷன் சர்க்கரையை இவ்வளவு கொட்டுவானேன் என்று அதைவிடச் சந்தேகம். கூடப் படித்த மயிலாப்பூர் வேதவல்லி தினமும் சாயங்காலம் வந்து வாசலில் பெரியம்மாவோடு குசுகுசுவென்று பேசுவாள். மாடவீதிப் பெண்ணுக்கு வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டில் என்ன வேலை? இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன். சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, அது சாகிறதா என்று பார்ப்பேன். சாகவில்லை. அந்தக் காக்கையையும் நான் நம்பவில்லை.

"தேவமாதாவே, இந்த வீட்டாரிடமிருந்து என்னைக் காப்பாற்றும்" என்று அழுது வேண்டினேன். பட்டினியில் எழுந்து நிற்கத் தெம்பில்லை. செத்துவிடுவேன் என்றே தோன்றியது.

அந்த வீட்டில் சாயங்கால ஜெபமாலை முடிந்ததும், இறந்துபோன உறவினர்களைப் பெயர் சொல்லி பெயருக்கு ஒன்றாக 'எங்கள் பிதாவே' என்ற பரலோக மந்திரம் சொல்வார்கள். ஒருநாள் அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். தாத்தா பெயர் வந்தது. பெரியம்மாவின் செத்துப்போன குழந்தையின் பெயர் வந்தது. அடுத்து, "எங்க பிலோமினாவுக்காக" என்று என் பெயர்! ஐயோ, செத்தவர்களோடு சேர்த்துவிட்டார்களே! சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினேன்.

"நான் இன்னும் சாகல, பெரியம்மா!" என்று கத்தினேன்.

"இன்னாடி பேசுற? நீ பொழைக்கணும்னுதானே கடைசியா ஒரு மந்திரம் சேத்துச் சொல்லிக்கினு கீறோம்! உன்னாண்ட சொன்னா இன்னும் பயந்துக்குவியேன்னு கதவச் சாத்தினோம்" என்று பெரியம்மா அழுதாள்.

பின்னால் வேதவல்லி கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். "நேக்கு உங்க மந்திரமெல்லாம் தெரியாதுடி. உன் பேர் வரச்சே, பகவானே காப்பாத்துன்னு சொல்லிண்டு ஒக்காந்திருப்பேன், அவ்வளவுதான்" என்றாள்.

அன்று முதல் என் தட்டில் முதல் கவளத்தைப் பெரியம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் எனக்கு ஊட்டினாள். சந்தேகம் உடனே ஓடிவிடவில்லை. இரண்டாவது கவளத்தில் இருக்குமோ என்று பார்த்தேன்! மாதா கோயில் சுவாமியார் பேயோட்டவில்லை, டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னார். வேதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தாள். மழைக்காலத்துக்குள் தூக்கம் திரும்பியது. அடுத்த வருஷம் பரீட்சையில் தேறினேன். இன்று நான் பள்ளிக்கூட டீச்சர். முகம் வாடி மூலையில் உட்காரும் பெண்ணைத் தனியே விடுவதில்லை.

யாரிடமிருந்து காப்பாற்றச் சொன்னேனோ, அவர்களைக் கொண்டே சர்வேசுரன் என்னைக் காப்பாற்றினார். அவருக்கே தோத்திரம். உங்களைப் பற்றி யாரோ ரகசியம் பேசுவதாகத் தோன்றினால், சர்வேசுரன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள்.