அம்மாவிடம் சொல்லாமல் விட்டது

சிஞ்ச்வட்டுக்கு வந்து ஆறு வருடமாகியும் அம்மா அப்பாவுக்கு இந்தியும் வரவில்லை, மராத்தியும் வரவில்லை. காய்கறி வண்டிக்காரரிடமும் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாட்ச்மேனிடமும் அவர்களுக்காக நான்தான் பேசுவேன். அதிலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் பேசுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்து தொலைத்தது.

அம்மாவின் இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைத்துவிடலாம் என்றார் டாக்டர். பிறகு ஸ்கேனைக் காட்டி, இந்தியும் ஆங்கிலமுமாக நெடுநேரம் பேசினார். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் நாளத்தின் வாய் அம்மாவுக்கு மிகத் தாழ்வாக இருக்கிறது. புது வால்வு விரியும்போது பழைய வால்வின் இதழ் ஒதுங்கிப்போய் அந்த வாயை அடைத்துவிடலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

“என்ன கண்ணு சொல்றாரு?” என்றாள் அம்மா.

“சின்ன வேலைதானுங்மா. மூணு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்.”

“அத்தன நேரம் பேசுனாரு, நீ ரெண்டு வார்த்தைல முடிச்சுப்போட்டயே?”

“டாக்டருங்க அப்படித்தான், வளவளன்னு பேசுவாங்க. கையெழுத்துப் போடுங்க.”

அம்மா சிரித்துக்கொண்டே போட்டாள். அவள் பயந்துவிடுவாள் என்றுதான் மறைத்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். பொய். பயந்தது நான்.

சிகிச்சை அன்று காலை பதினொரு மணிக்கு ஓர் இளம் டாக்டர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். நாளத்தின் வாய் அடைத்துக்கொண்டது, ஸ்டென்ட் வைத்துத் திறக்கப் பார்க்கிறோம், இதயம் திணறுகிறது என்றார். இந்த முறை ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னேன்.

“இப்படி ஆகும்னு முன்னாடியே சொன்னாங்களா சாமி?”

“சொன்னாங்கப்பா.”

“உங்கம்மாளுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்ப்பா. நான் சொல்லலை.”

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்துபோய் எதிர் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் பைத்தியக்காரி மாதிரி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, அவள் பிழைத்தால் போதும், இனி யார் பேசினாலும் ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் அவளிடம் சொல்கிறேன் என்று முனகிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்து பேசினார். அப்பாவுக்குப் புரியவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, “என்ன சொல்றாரு சாமி?” என்று கேட்டார்.

அம்மா செத்துப்போனதை நான்தான் தமிழில் சொன்னேன்.