மண் எனக்கு, மரம் சர்க்காருக்கு

உடும்பஞ்சோலைக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல, என் பெயரில் ஒரு காடு இருக்கிறது. மலைவேம்பு, ஈட்டி, வேங்கை, அயினி, செண்பகம், மஹாகனி என்று பல இனம் கலந்து நிற்கிற காடு. எல்லாம் நாங்கள் நட்டவை. அந்த வழியாகப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து "அடேயப்பா" என்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இப்படிச் சொன்னால் மரத்தைக் கண்டால் ஆகாத பொம்பளை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நினைக்கட்டும்.

எங்களுக்கு ஊர் கிழக்குப் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தோட்டம், துரவு, தென்னை, கொஞ்சம் நெல் என்று பிழைக்கிற குடும்பங்கள். என் அப்பா சாகிறதற்கு முன்னால் அண்ணன்களுக்கு வயலை எழுதிவிட்டு எனக்கு ஒரு தென்னந்தோப்பை எழுதினார். நடுவில் கிணறு. கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னை எல்லோரும் இன்னார் மருமகள், இன்னார் பெண்டாட்டி என்றுதான் சொன்னார்கள். அந்தத் தோப்பில் மட்டும் காய் போடுகிற ஆள் "அம்மிணி தோப்பு" என்பான். அது எனக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஓவர்சியர். கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே ஒரு கோளாறு, யார் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காரன் கூட்டம் போட்டான். திரையில் படம் காட்டினான். ஒரே மரத்தை வரிசையாக நட்டால் ஒரு நோய் வந்து எல்லாம் போய்விடுமாம். பல இனத்தைக் கலந்து நட்டால் அது காடு மாதிரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமாம். சீக்கிரம் வளர்வதை முதலில் களைந்து விற்கலாம், மெதுவாக வளர்வது கடைசி வரை நிற்கும். "மண்ணும் பிழைக்கும், பறவையும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்" என்று முடித்தான். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கைதட்டின வேகத்தைப் பார்த்தபோதே என் தோப்புக்குக் கேடு வந்துவிட்டது என்று தெரிந்தது.

அப்போது தேங்காய்க்கு விலை இல்லை. வாடல் நோய் வேறு. "இந்தத் தோப்புல என்ன புள்ள வருது? குடுத்துப்போட்டு மலையில போட்டம்னா, மொத வெட்டுலயே இதே தோப்பைத் திருப்பி வாங்கிக் குடுக்கறேன். இல்லைன்னா என்ன ஏன்னு கேளு" என்றார். வாங்குகிறவனும் வெளியாள் இல்லை, என் சித்தப்பா மகன். அவனும் தன் பங்குக்கு, "அக்கா, எப்ப வேணும்னாலும் கேளுங்க. உங்களுக்கு இல்லாம வேற யாருக்குங்க?" என்று நாக்கில் தேன் தடவிப் பேசினான். நிலம் என் பெயரில்தான் வாங்க வேண்டும், மரம் விற்றால் முதலில் தோப்புதான் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நிலம் பார்க்கப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை. பொள்ளாச்சி, உடுமலை வழியாக ஏறினோம். காரில் நான், அவர், அவருடைய மாமா. மறையூரில் சந்தனக் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே ஒவ்வொரு மரத்துக்கும் காவல். "பாத்தியா, இங்க மரத்துக்கு எத்தனை மரியாதைன்னு" என்றார் இவர். வேலியைப் பார்த்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. சின்னக்கானல் தாண்டி, தேயிலை முடிந்து ஏலக்காய்க் காடு தொடங்கின இடத்தில் குளிர் எலும்பில் ஏறியது. மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "மண்ணு கருப்பட்டி மாதிரி இருக்குதுடா" என்றார்.

எங்கள் ஆட்கள் நிலம் வாங்குகிற முறை ஒன்று உண்டு, அதில் கில்லாடிகள். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, தோண்டின மண்ணையே திரும்பப் போட்டு மிதிப்பார்கள். மண் மிஞ்சினால் நல்ல நிலம். அங்கே மிஞ்சியது. ஓடையில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று கரையில் இருக்கிற பாசியைப் பார்த்தார்கள். பாதை யார் நிலத்து வழியாக வருகிறது என்று விசாரித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் போடிக்காரர், பரம்பரையாக ஏலக்காய் பயிர் பண்ணுகிறவர். அவர் குணம் எப்படி என்று டீக்கடையில் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பிக் குலதெய்வம் கோயிலில் பூ கேட்டார்கள். சாமி மேல் வைத்த பூ வலப்பக்கமாக விழுந்தது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மண்ணைக் கேட்டார்கள், தண்ணீரைக் கேட்டார்கள், சாமியைக் கேட்டார்கள். நட்டால் அந்த மரம் யாருடையது என்று மட்டும் எவனும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. வரப்பில் தேக்கு நின்றால் வரப்புக்காரனுடைய தேக்கு. கல்யாணம் வந்தால் வெட்டுவான், மழை வந்தால் வெட்டுவான், பக்கத்துக்காரன் மேல் கோபம் வந்தால் கூட வெட்டுவான்.

அது ஏலத் தோட்டம். பழைய ஏலச் செடிகளை எங்கள் வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பிடுங்கி எறிந்தார். ஏலம் சூதாட்டமாம். போடிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் வந்து கயிறு பிடித்துக் குழி போடக் காட்டிக்கொடுத்தான், சம்பளத்தை வாங்கினான், இரண்டு மழைக்குப் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

மரங்கள் வளர்ந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். லீவு விட்டால் இவர் மலையில்தான். வேட்டி முழுக்க அட்டை கடித்த ரத்தத்தோடு வருவார், நான் துவைப்பேன். மலைவேம்பு ஆள் உயரம் என்பார், அடுத்த முறை வீட்டு உயரம் என்பார். போனில் படம் எடுத்து வந்து காட்டுவார். என் தோப்பு வழியாகத்தான் நான் தினமும் பால் சொசைட்டிக்குப் போவேன். கிணற்றுமேட்டில் சித்தப்பா மகன் மோட்டார் ரூம் கட்டியிருந்தான். இவர் காட்டுகிற படத்தில் மரம் உயர உயர, எனக்குத் தோப்பு பக்கத்தில் வருகிற மாதிரி இருந்தது. ஆசைதான். வேறென்ன.

நடுவில் ஒரு கூத்து. சுற்றுச்சூழல் தினத்துக்கு வனத்துறையில் விழா எடுத்து, இத்தனை இனம் நட்ட விவசாயி என்று இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இலவசமாக இன்னும் கன்றுகள் கொடுத்தார்கள். ஒரு ஃபாரஸ்ட் கார்டு கன்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் நிலம் வரைக்கும் வந்தார். இவர் அந்தச் சால்வையை மடித்து பீரோவில் என் பட்டுப்புடவைக்கு மேலே வைத்தார்.

பிறகு ஒரு தை மாதம் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். காப்பியைக் குடித்து முடித்தான். டம்ளரை வைத்துவிட்டு, "புள்ளைக்குக் கல்யாணம் கூடியிருக்குதுங்க்கா. தோப்பைக் குடுத்தர்லாம்னு இருக்கறனுங்க. ஒரு ஆளு மனை போடக் கேக்கறான். மொதல்ல உங்களைக் கேக்காம குடுத்தா நல்லாருக்காதுங்க" என்றான். சித்திரை வரை பொறுப்பதாகச் சொன்னான். நான் இவரைப் பார்த்தேன். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "முதல் வெட்டுக்கு நேரமாச்சு. மலைவேம்பும் மஹாகனியும் களைஞ்சாலே போதும்" என்றார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரும்பாவூரிலிருந்து மர வியாபாரி ஆட்களோடு வந்திருந்தான். மரத்துக்கு மரம் நாடா பிடித்தான், தட்டிப் பார்த்தான், மூக்கில் விரல் வைத்தான். நான் ஒரு செண்பகத்தின் கீழே உட்கார்ந்திருந்தேன். முதல் மலைவேம்புக்குக் கயிறு கட்டி, மிஷின் வாளை ஸ்டார்ட் பண்ணினார்கள். அந்தச் சத்தம் மலை எதிரொலிக்கக் கேட்டதும் பைக் ஒன்று ஏறி வந்தது. அதே கார்டு, அன்று கன்றுக் கூடையைத் தூக்கி வந்தவர்.

"சேட்டா, நிறுத்து. இது ஏலத்தோட்டமல்லே? மரம் தொடான் பாடில்லா" என்றார். மரத்தைத் தொடக்கூடாதாம்.

இவர் சிரித்தார். "நாங்க நட்டதுங்க சார். நீங்களே கன்னு குடுத்தீங்களே."

"நட்டது ஆராயாலும் சரி. இவிடெ மண்ணு ஏலத்தினு. மரம் சர்க்காரின்றெ." மண் ஏலக்காய்க்கு, யார் நட்டாலும் மரம் சர்க்காருக்கு, கொம்பைக் கழிக்கலாம், ஏலத்துக்கு நிழல் அதிகமானால் அதற்கு வழி உண்டு, அடிமரத்தில் வாள் பட்டால் கேஸ் என்று அந்த மனிதர் பொறுமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றும் பார்த்து, "ஏலம் எவிடெ?" என்று கேட்டார். இவர் பிடுங்கி எறிந்த ஏலம் எங்கே இருக்கும்? வியாபாரி நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னான்.

போடிக்காரர் வேலியோரம் வந்து நின்றிருந்தார். நான்தான் கேட்டேன், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று. அவர் பதறிப்போனார். "ஏம்மா, நீங்க நெழலுக்குத்தேன் மரம் வக்கிறீகன்னுல்ல நெனச்சோம். ஏலக்காட்டுல மரத்த வெட்டுறதுக்குன்னு எவனாச்சும் நடுவானா?" அவர்மேல் தப்பில்லை. மரத்தை வெட்டலாமா என்கிற கேள்விக்கு அவர் ஊரில் இடமில்லை, மரம் யாருடையது என்கிற கேள்விக்கு எங்கள் ஊரில் இடமில்லை. நடுவில் என் தோப்பு போனது.

இறங்கி வருகிற வழியெல்லாம் இவர் வண்டி ஓட்டினார். நான் பேசினேன். மறையூர் வரைக்கும் வாய் ஓயாமல் திட்டினேன். கம்பெனிக்காரனை, மாமாவை, வலப்பக்கம் விழுந்த பூவை, ஒன்றையும் விடவில்லை. மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற வாசம் வந்தபோது காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. திட்டக்கூட முடியாமல் பண்ணிவிட்டாரே என்று அதற்கும் கோபம்தான் வந்தது.

அதன் பிறகு அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. ஒருவர் வில்லேஜ் ஆபீஸ் என்றார், இன்னொருவர் ரேஞ்ச் ஆபீஸ் என்றார், வேறொருவர் சட்டம் மாறப்போகிறது என்றார். எல்லோரும் மரியாதையாகக் கையை விரித்தார்கள். நிலத்தையாவது விற்கலாம் என்றால் ஏலம் இல்லாத ஏலத்தோட்டத்தை, வெட்ட முடியாத மரத்தோடு எவன் வாங்குவான்? அந்த ஆனிக் காற்றில் ஒரு வேங்கை சாய்ந்தது. அதில் வனத்துறைக்காரர்கள் வெள்ளைப் பெயின்டால் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மண் பிழைத்தது. இருவாச்சி கூட வருகிறதாம், பறவையும் பிழைத்தது. கம்பெனிக்காரன் சொன்ன மூன்றில் இரண்டு நடந்திருக்கிறது.

சித்தப்பா மகன் சித்திரை தாண்டி ஆவணி வரை பொறுத்தான், அதைச் சொல்ல வேண்டும். பிறகு விற்றுவிட்டான். ஒரு காலையில் பால் கொடுத்துவிட்டு வருகிறேன், தோப்புக்குள் ஜேசிபி. அப்பா வைத்த தென்னைகள். இயந்திரம் தன் கையை அடிமரத்தில் வைத்துத் தள்ளுகிறது, மரம் வேரோடு சாய்கிறது. குலையோடு விழுந்த இளநீர் உடைந்து மண் நனைந்து கிடந்தது. நான் பால் தூக்கை வைத்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"ஏப்பா, இதை வெட்ட யாருகிட்டயாச்சும் பர்மிசன் வாங்கினீங்களா?"

"தென்னைக்கு என்னத்துக்குங்க பர்மிசன்? நம்ம மரத்தை நாம தள்றதுக்கு யாரைக் கேக்கோணும்?" என்றான். மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். மத்தியானத்துக்குள் கிணறு மட்டும் நின்றது. மறுநாள் அதையும் மூடினார்கள்.

இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். சாயங்காலம் உட்கார்ந்து போனில் மலையில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். நான் பார்ப்பதில்லை.

போன வாரம் காலையில், தோசைக் கல் அடுப்பில் இருக்கும்போது எனக்கு ஒரு போன் வந்தது. வனத்துறையிலிருந்து ஒரு பெண், இளங்குரல், தேன் மாதிரி பேசினாள். நிலம் சேச்சி பெயரில் அல்லவா இருக்கிறது, அதனால் இந்த வருஷம் சுற்றுச்சூழல் தினத்துக்குச் சேச்சிக்குத்தான் பொன்னாடை. வண்டி அனுப்புவார்களாம். மேடையில் ஒரு கன்று வைத்திருப்பார்களாம், "சேச்சி ஒரு மரம் நடணும்."

"வர்றேனுங்க" என்றேன். "நடறதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு மரம் வெட்டிக்கறேன், விடுவீங்களா?"

அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். சேச்சிக்கு நல்ல தமாஷ் வரும் போலிருக்கிறதே என்றாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். தோசை கருகிவிட்டிருந்தது.

"யாரு புள்ள போன்ல?" என்று உள்ளே இருந்து இவர் கேட்டார்.

"மரத்துக்குச் சொந்தக்காரங்க" என்றேன்.