பரிந்துரை எழுதாத கிளாக்கர்

விளக்கு வைக்கிற நேரம். களுவாஞ்சிக்குடியில் இலட்சுமிப்பிள்ளை திரியை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, வாசலில் ஈரச் சாரத்தோடு ஆதம்பாவா நின்றார். வாவிக்கு அக்கரையில் இருந்த நெல் ஸ்டோரில் கிளாக்கரான அவளுடைய புருஷனோடு வேலை செய்கிறவர்.

“தங்கச்சி, கொம்பனித் தோணி தண்ணிக்குள்ள தாண்டிட்டு. நாங்க மூணு பேர் நீந்தி வந்திட்டம். கிளாக்கர்...”

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விடுவது அந்த வீட்டில் பழகிப்போன சங்கதி. அவள் விளங்கிக்கொண்டாள்.

நல்லரத்தினம் கிளாக்கர் ஊரில் அபிப்பிராயம் சொல்லாத விஷயம் கிடையாது. யார் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம், எந்த வட்டையில் எப்போது விதைக்கலாம், எல்லாம் சொல்வார். தனக்கு மேலே இருப்பவருக்குக் கடதாசியில் எழுத வேண்டி வந்தால் மட்டும் வாய் கட்டிப்போகும்.

அவரைப் பிடித்திருந்தது சீமைச் சோதனை. கப்பலேறி வருகிற உயர்தர ஆங்கில வினாத்தாள். யாரோ ஒரு கொம்பனியின் கோளாறை விசாரித்து முறைப்படி அறிக்கை எழுத வேண்டும். ஏன் எழுதுகிறேன், எப்படி விசாரித்தேன், என்ன கண்டேன், இனி என்ன செய்யலாம் என்று நாலு பகுதி. சித்தியடைந்தால் தலைமைக் கிளாக்கர் கதிரை. அந்தக் கதிரைக்காக அவர் வீட்டிலும் அறிக்கை பழகினார். சீமை அறிக்கையில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படும். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

“இறால் குழம்பில் உப்பு மிகுந்திருந்தமை அவதானிக்கப்பட்டது” என்பார், ஆங்கிலத்தில் சொல்லிப் பிறகு தமிழில்.

“அவதானிச்ச வாய் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கல்லியே” என்பாள் இலட்சுமிப்பிள்ளை.

சோதனையில் இரண்டு தரம் தோற்றார். இரண்டாம் தரம் பரீட்சகரின் குறிப்பு ஒன்றும் வந்தது. இவர் பரிந்துரை எதுவும் செய்யவில்லையாம். எப்படிச் செய்வார்? வினாத்தாளில் வந்த பிஸ்கற் கொம்பனி மனேஜரை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று, பிறக்கவே பிறக்காத மனுஷனைப் பற்றி எழுதவும் அவருக்குக் கை கூசியது. நாலாம் பகுதியில், ‘மேல் நடவடிக்கை துரையவர்களின் சித்தம்’ என்று எழுதி, வினாத்தாளுக்கே கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

புரட்டாதியில் நிஜமாகவே ஓர் அறிக்கை வாய்த்தது. ஸ்டோருக்கு ஆள் ஏற்றுகிற தோணி ஒழுகுகிறதாம், விசாரித்து எழுது என்றார் ஸ்டோர்த் துரை. கிளாக்கருக்குக் கல்யாண வீட்டுச் சந்தோஷம். ஆதம்பாவாவைக் கொண்டு அடிப்பலகையைக் குத்திப் பார்த்தார். பலகை புட்டாக உதிர்ந்தது. அந்த உக்கலை மூன்று பக்கத்துக்கு வர்ணித்தார். பிறகு வழக்கம்போல, துரையவர்களின் சித்தம்.

“கிளாக்கர், தோணியக் கரையில ஏத்தச் சொல்லி ஒரு வரி போடுங்களன்” என்றார் ஆதம்பாவா.

“அது நம்மட வாயால வரப்படாது, காக்கா. கோயில நடத்துற வண்ணக்கர் இருக்கக்குள்ள கூட்டத்தில நாம முடிவு சொல்லுவமா?”

“துரை என்ன, உங்கட கோயில் வண்ணக்கரா?”

“அதுக்கும் மேல.”

“அப்ப தேங்காயும் உடைச்சு வைங்க.”

துரை அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். இப்படி ஆங்கிலம் எழுதுகிறவன் இந்தக் கரையில் இல்லை என்று விருந்தாளிகளிடமும் காட்டினார். செய்யச் சொல்லி அதில் ஒன்றும் இல்லாதபடியால் ஒன்றும் செய்யவில்லை. அவருக்குத் தனி மோட்டர் போட் இருந்தது. கிளாக்கரோ அந்தப் புகழ்ச்சியைத் தலையில் சுமந்துகொண்டு, தான் மூன்று பக்கம் வர்ணித்த அதே பலகையின் மேல் காலையும் மாலையும் வாவியைக் கடந்தார்.

கார்த்திகை பிறந்து வாடைக் காற்றும் மழையும் கிளம்பின. தோணி மூழ்கிய அன்றைக்கு, மறுநாள் மூன்றாம் தரம் சோதனை என்பதால் விடியற்காலையிலேயே மேசையில் குந்தி, தோணி விஷயத்தையே திரும்ப எழுதிப் பழகினார்.

“இந்த முறையாவது அந்த நாலாவதை எழுதுவீங்களா, இல்ல அதையும் நானா வந்து எழுதுற?” என்றாள் அவள்.

“எழுதுவன் புள்ள. தோணிக்கு நேரமாகிட்டு. பின்னேரம் வந்து எழுதுறன்.”

மூன்றாம் நாள் துரையின் அனுதாபக் கடிதம் வந்தது. வாசித்துச் சொல்ல உள்ளூர் வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். ஆழ்ந்த வருத்தம் கொள்ளப்படுகிறதாம். கொண்டது யாரென்று அதில் இல்லை.

வாத்தியார் மேசையில் கிடந்த தாளையும் பார்த்தார். பரிந்துரை என்று தலைப்பு எழுதி, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு இழுத்து, ஒன்று என்று இலக்கமும் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.