டான்சில் மாதமும் சிவப்பு ஐஸும்

மே மாதம் எங்களுக்கு டான்சில் மாதம். பள்ளிக்கூடம் மூடியதும் அம்பத்தூரிலிருந்தும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். குழந்தைகளின் காது மூக்கு தொண்டைக்கென்று படித்து முடித்து, குமணன்சாவடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்திருந்தேன். காலையிலிருந்து குனிந்தே ஆபரேஷன் செய்ததில் கழுத்து வேறு யாருடையதோ போலிருந்தது.

மத்தியானம் டீயை வாயில் வைக்கும்போது நர்ஸ் வந்து நின்றார்.

"சார், நேத்து டான்சில் எடுத்த பாப்பா செவப்பா வாந்தி எடுக்குது."

அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் பிள்ளைகள் அதைச் சத்தமில்லாமல் விழுங்குவார்கள். வயிறு தாங்காதபோதுதான் வாந்தி. அப்படியென்றால் மறுபடி மயக்கம் கொடுத்து உடனே ரத்தத்தை நிறுத்தியாக வேண்டும். பயிற்சியில் இதையெல்லாம் தூக்கத்தில்கூட ஒப்பித்தவன், சென்னீர்குப்பத்திலிருந்த மயக்க டாக்டருக்குப் போன் போட்டு, "சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு, யாருக்கு என்று சொல்லாமலே வைத்தேன். வார்டுக்கு ஓடினேன். டீ கிளாஸும் கூடவே ஓடி வந்தது.

பாப்பாவின் கவுன் முழுக்கச் சிவப்பு. நாடி ஒழுங்காக இருந்தது, அவளுக்கு. டார்ச் அடித்தேன். நாக்கு, பல், உதடு எல்லாம் சிவப்பு. கூடவே ரோஜா எசன்ஸ் வாசனை.

அவள் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுபவர். கட்டிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்.

"என்னங்க குடுத்தீங்க?"

"குச்சி ஐஸு சார். நீங்கதானே ஐஸ் குடுன்னீங்கோ."

"செவப்பு வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கோ. வெள்ளைய தொடமாட்டேன்னு ஒரே அழுவாச்சி சார். ஐஸ்காரன் வேற வண்டிய தள்ளிகினு போயினே கீறான். நான் இன்னா பண்ணுவேன்?"

சிரிக்கவும் தெம்பில்லை. அந்தச் சிவப்புக்கு அடியில் நிஜச் சிவப்பு இருந்தால்? அதற்காகத்தானே வேண்டாம் என்கிறோம். வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு வெறும் தண்ணீர். தொண்டையிலும் கசிவு தெரியவில்லை. ஆனாலும் நம்பிக்கை வராமல், நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்திருந்தேன். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கினால் ஆபத்து. அவள் தூங்கினாள். விழுங்கவேயில்லை. என் கண்ணும் சொருகியது.

யாரோ தோளை உலுக்கினார்கள். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்த மயக்க டாக்டர்.

"யாருக்குய்யா மயக்கம் குடுக்கணும்? பாப்பாவுக்கா? நீதான் ஏற்கெனவே போயிட்டியே!"